டி.பி.யோடு எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் பி-யும்: எந்த மாத்திரை எப்போது, ஏன்?

கேள்வி இதுதான்: "என் அண்ணனுக்கு 38 வயது. நுரையீரல் காசநோய் என்று மாத்திரை தொடங்கி ஒரு வாரம் ஆகிறது. அரசு மருத்துவமனையில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் எச்.ஐ.வி.யும், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸும் இருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். எச்.ஐ.வி. மாத்திரையை அடுத்த வாரம் தொடங்கலாம் என்கிறார்கள். இவ்வளவு பெரிய நோயை வைத்துக்கொண்டு ஏன் காத்திருக்கச் சொல்கிறார்கள்? இத்தனை மாத்திரையையும் கல்லீரல் தாங்குமா? அண்ணி, 4 வயதிலும் 9 வயதிலும் இரண்டு பிள்ளைகள், எல்லோரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம்."

காசநோய்ப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்கள் அண்ணனுக்குச் சொல்லப்பட்ட வரிசை சரியானது. யாரும் அவரைத் தள்ளிப்போடவில்லை. மூன்று நோய்க்கும் இன்று மருந்து இருக்கிறது. டி.பி. முழுமையாகக் குணமாகும். மற்ற இரண்டையும் தினமும் ஒரு மாத்திரையால் அடக்கி வைக்கலாம். ஆனால் ஒரு நோயின் மருந்து அடுத்ததன் மருந்தைத் தொட்டுப் பார்க்கும். அதனால் டி.பி. மருந்து கொடுப்பவருக்கு, எச்.ஐ.வி. மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையத்துச் சீட்டு தெரிய வேண்டும், ஏ.ஆர்.டி. மையத்துக்கு டி.பி. அட்டை தெரிய வேண்டும். எங்கே போனாலும் எல்லாச் சீட்டையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போகச் சொல்லுங்கள். கீழே நான் எழுதுவது பெரும்பாலும் இது ஏன் என்பதைத்தான்.

முதலில், டி.பி.க்குப் போனவரிடம் எச்.ஐ.வி. பரிசோதனை ஏன் எடுத்தார்கள் என்று வீட்டில் யாராவது முணுமுணுத்திருப்பார்கள். நடத்தையைச் சந்தேகப்பட்டு எடுப்பதில்லை. காசநோய் என்று தெரிந்த எல்லோருக்கும், பதினெட்டு வயதுப் பெண்ணுக்கும் எழுபது வயதுத் தாத்தாவுக்கும், இந்தப் பரிசோதனை உண்டு. இந்தப் பாடத்தைப் பெரிய விலை கொடுத்துக் கற்ற இடங்களில் ஒன்று நம் தாம்பரம். 1928-ல் டாக்டர் டேவிட் சவுரிமுத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய சானடோரியம் அது. 1986-ல் டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் படித்த செல்லப்பன் நிர்மலாவும் சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகளில்தான் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கண்டுபிடிக்கப்பட்டது. சில வருடங்களிலேயே தாம்பரத்துக்கு இருமலோடும் எடைக் குறைவோடும் வந்தவர்களில் பலருக்கு அடியில் எச்.ஐ.வி. இருப்பது தெரிய வந்தது. நெஞ்சக மருத்துவமனை எச்.ஐ.வி. மருத்துவமனையாகவும் மாறியது அப்படித்தான். 2004 ஏப்ரலில் அரசு இலவச ஏ.ஆர்.டி. மருந்தைத் தொடங்கிய முதல் சில மையங்களில் தாம்பரமும் ஒன்று. அதற்கு முன்னால் டி.பி.க்கு மட்டும் மருந்து கொடுத்துக் குணமாக்கி அனுப்பியவர்கள் சில மாதங்களில் வேறொரு தொற்றோடு திரும்பி வந்து இறந்துபோனார்கள். அந்தக் காலத்தில் வார்டில் நின்றவர்கள் யாரும் எச்.ஐ.வி. பரிசோதனையை விட்டுவிடச் சம்மதிக்க மாட்டார்கள்.

இரண்டும் ஏன் இப்படிக் கைகோத்துக்கொள்கின்றன? டி.பி. கிருமி மூச்சோடு உள்ளே போனதும் எல்லோருக்கும் நோய் வந்துவிடுவதில்லை. உடம்பின் பாதுகாப்புச் செல்கள் அதைச் சுற்றி வளைத்து வேலி போட்டு உள்ளே பூட்டிவிடுகின்றன. கிருமி சாகாமல், வெளியேயும் வராமல், வருடக்கணக்கில் கிடக்கும். அந்த வேலியைக் காவல் காப்பதில் முக்கியமானவை சி.டி.4 செல்கள். எச்.ஐ.வி. அழிப்பது சரியாக அந்தக் காவலர்களைத்தான். எச்.ஐ.வி. இல்லாத ஒருவருக்குப் பூட்டிக் கிடக்கும் டி.பி. வாழ்நாள் முழுவதிலும் நோயாக வெடிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 5 முதல் 10 வரை. சிகிச்சை எடுக்காத எச்.ஐ.வி. உள்ளவருக்கு ஏறக்குறைய அதே வாய்ப்பு ஒவ்வொரு வருடமும் வருகிறது. திருப்பியும் நடக்கும்: டி.பி. இருக்கும் உடம்பில் சி.டி.4 செல்கள் பரபரப்பாக வேலை செய்யும், அப்படிக் கிளர்ந்திருக்கும் செல்லுக்குள்தான் எச்.ஐ.வி. வேகமாகப் பெருகும். 2023-ல் உலகில் 1 கோடியே 8 லட்சம் பேருக்கு டி.பி. வந்தது, 12.5 லட்சம் பேர் இறந்தார்கள், அவர்களில் 1,61,000 பேர் எச்.ஐ.வி.யும் இருந்தவர்கள்.

வைரஸ் வந்து காவலைத் தளர்த்துவது எச்.ஐ.வி. வருவதற்கு முன்பே மருத்துவர்கள் கண்ட விஷயம். 1908-லேயே வியன்னாவின் குழந்தை மருத்துவர் கிளெமன்ஸ் வான் பிர்க்கே, டி.பி. தோல் பரிசோதனையில் தடிப்பு வந்துகொண்டிருந்த குழந்தைகளுக்குத் தட்டம்மை வந்த நாட்களில் அந்தத் தடிப்பு மறைந்துபோவதைக் கவனித்து எழுதினார். அம்மை போட்ட பிள்ளை தேறாமல் இருமிக்கொண்டே இருந்தால் நெஞ்சைப் பார்க்கச் சொல்லும் பழக்கம் எங்கள் துறையில் இன்றும் உண்டு.

எச்.ஐ.வி. உள்ளவரிடம் டி.பி. தன் வழக்கமான முகத்தைக் காட்டாது. பாடப்புத்தகத்து டி.பி.யில் நுரையீரல் மேல்பகுதியில் குழி விழும், சளியில் கிருமி நிறையத் தெரியும். குழி விழுவதே உடம்பு எதிர்த்துச் சண்டை போடுவதால்தான். சி.டி.4 குறைந்தவரிடம் சண்டை இல்லை, குழியும் இல்லை. எக்ஸ்ரே கிட்டத்தட்ட சாதாரணமாக இருக்கும், சளிப் பரிசோதனை 'நெகட்டிவ்' என்று வரும், நோயோ கழுத்துக் கட்டியிலும் வயிற்றிலும் மூளை உறையிலும் பரவிக்கொண்டிருக்கும். அதனால்தான் நுண்ணோக்கியை மட்டும் நம்பாமல் சி.பி.நாட், ட்ரூநாட் போன்ற மரபணுப் பரிசோதனை செய்கிறோம். மிகவும் தளர்ந்து வருபவர்களுக்குச் சிறுநீரிலேயே டி.பி.யின் சுவடைப் பார்க்கும் பரிசோதனையும் இருக்கிறது. அண்ணனுக்குச் சளி பலமுறை நெகட்டிவ் வந்து தாமதமாகத்தான் டி.பி. என்று தெரிந்திருந்தால், யாரோ கவனக்குறைவாக இருந்தார்கள் என்று உடனே முடிவு செய்துவிடாதீர்கள். நோயே அப்படி ஒளிந்துகொள்ளும்.

இனி உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். ஏன் ஒரு வாரம் காத்திருக்க வேண்டும்? ஒரு காலத்தில் மருத்துவர்களே இரண்டு மாதம், ஏன், ஆறு மாதம்கூடக் காத்திருந்தார்கள். இத்தனை மாத்திரையை ஒன்றாகக் கொடுத்தால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரியாதே என்ற பயம். அந்தப் பயம் உயிர்களைக் குடித்தது. 2011-ல் வெளியான கம்போடிய ஆய்வு ஒன்றில் சி.டி.4 மிகக் குறைந்த 661 டி.பி. நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு டி.பி. மருந்து தொடங்கி 2 வாரத்தில் எச்.ஐ.வி. மருந்து, மறு பகுதிக்கு 8 வாரத்தில். சீக்கிரம் தொடங்கியவர்களிடம் இறப்பு 34 சதவீதம் குறைவு. வெறும் ஆறு வார வித்தியாசம்தான். இன்று உலக சுகாதார நிறுவனமும் சி.டி.4 எவ்வளவு இருந்தாலும் 2 வாரத்துக்குள் தொடங்கு என்கிறது. உங்கள் அண்ணனுக்குச் சொன்னது இதைத்தான்.

அப்படியானால் முதல் நாளே தொடங்கினால் என்ன? டி.பி. மருந்து முதல் சில நாட்களில் கிருமிக் கூட்டத்தைப் பெரிதும் குறைத்துவிடும். அது குறைவதற்கு முன் எதிர்ப்பு சக்தியை எழுப்பினால் சண்டை பெரிதாகிவிடும். மூளைக்காய்ச்சலாக வந்த டி.பி.யில் இந்த ஆபத்து இன்னும் அதிகம், மண்டைக்குள் வீங்க இடமில்லை. அங்கே மட்டும் எச்.ஐ.வி. மருந்தைக் குறைந்தது 4 வாரம் தள்ளித் தொடங்குவோம். ஆகவே அடுத்த வாரம் ஏ.ஆர்.டி. மையத்தில் அண்ணன் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு: விடாத தலைவலி, வாந்தி, கழுத்தைக் குனிய முடியாத வலி, தடுமாற்றம் இருந்தால் மறைக்கக் கூடாது. சின்ன விஷயம் என்று நினைத்துச் சொல்லாமல் விடுகிறவர்கள் அதிகம்.

அடுத்து வருவதை வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும், இது தெரியாமல்தான் பலர் பாதியில் நிறுத்துகிறார்கள். எச்.ஐ.வி. மாத்திரை தொடங்கிச் சில வாரங்களில், தேறிக்கொண்டிருந்த அண்ணனுக்குத் திடீரென்று காய்ச்சல் திரும்பலாம். கழுத்துக் கட்டி பெரிதாகலாம், எக்ஸ்ரேயில் நிழல் கூடலாம். தூங்கிக் கிடந்த எதிர்ப்பு சக்தி விழித்து, இருக்கும் கிருமியை, செத்த கிருமியின் மிச்சத்தைக்கூட, தாக்கத் தொடங்குவதன் அடையாளம் அது. ஐரிஸ் என்று சுருக்கமாகச் சொல்வோம். நான் பார்த்த ஒரு இளைஞர், கொத்தனார் வேலை செய்தவர், மூன்றாவது வாரத்தில் கழுத்து வீங்கியதைப் பார்த்து "புது மாத்திரை ஒத்துக்கலை" என்று தானே இரண்டையும் நிறுத்திவிட்டார். இரண்டு மாதம் கழித்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவரைக் காப்பாற்ற முடியவில்லை. நிறுத்தாமல் அன்றே வந்திருந்தால் பெரும்பாலும் ஒரு ஸ்டீராய்டு மாத்திரையோடு அடங்கியிருக்கும். காய்ச்சல் திரும்பினால் இதுதான் காரணம் என்று வீட்டிலேயே முடிவு கட்டவும் கூடாது. மருந்துக்கு மசியாத டி.பி.யாக இருக்கலாம், வேறு தொற்றாக இருக்கலாம், கோவிடாகவும் இருக்கலாம். தென்னாப்பிரிக்காவின் மேற்கு கேப் மாகாணத்தில் 2020-ல் பார்த்தபோது, டி.பி. இருந்தவர்கள் கோவிடால் இறக்கும் ஆபத்து மற்றவர்களைவிட ஏறக்குறைய 2.7 மடங்காக இருந்தது. அதே 2020-ல் இந்தியாவில் பதிவான டி.பி. நோயாளிகள் முந்தைய வருடத்து 24 லட்சத்திலிருந்து 18 லட்சமாகக் குறைந்தார்கள். நோய் குறையவில்லை, இருமினால் கோவிட் என்று பயந்து வீட்டிலேயே இருந்துவிட்டார்கள்.

மாத்திரை விஷயத்துக்கு வருவோம். டி.பி. மாத்திரையில் ரிஃபாம்பிசின் என்று ஒன்று இருக்கிறது. சிறுநீரைச் செம்மஞ்சளாக்குவது அதுதான். டி.பி. சிகிச்சையின் முதுகெலும்பே அது. ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு: கல்லீரலில் மருந்துகளைச் சிதைத்து வெளியேற்றும் நொதிகளை முடுக்கிவிடும். மற்ற மருந்துகள் வேலை செய்யும் முன்பே கரைந்துபோகும். எச்.ஐ.வி.க்கு இப்போது கொடுக்கும் ஒற்றை மாத்திரையில் டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் என்று மூன்று மருந்து சேர்ந்திருக்கிறது. அதில் டோலுடெக்ராவிரைத்தான் ரிஃபாம்பிசின் இப்படிக் கரைத்துவிடும். அதனால் டி.பி. சிகிச்சை நடக்கும் காலத்தில் கூட்டு மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம் மட்டும் தனியாக இன்னொன்று போட வேண்டும். இந்த இரண்டாவது மாத்திரை விட்டுப்போவதை நான் அடிக்கடி பார்த்திருக்கிறேன். சீட்டில் எழுதாமல் விடுவதும் உண்டு, நோயாளியே 'ஒரே மாத்திரைதானே எல்லோருக்கும்' என்று விடுவதும் உண்டு. அண்ணனுக்கு மாத்திரை கொடுக்கும்போது ஒரே ஒரு டப்பா கொடுத்தால், டி.பி. அட்டையைக் காட்டிக் கேளுங்கள்.

சத்துக் குறைவு என்று இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைகளும் நெஞ்செரிச்சலுக்கு அன்டாசிட் திரவமும் கொடுத்திருப்பார்கள். அவை டோலுடெக்ராவிரைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். டோலுடெக்ராவிரை அவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ போட வேண்டும். அண்ணி கருத்தடை மாத்திரை சாப்பிடுபவராக இருந்து அவருக்கும் ரிஃபாம்பிசின் தேவைப்பட்டால், அந்தக் கருத்தடை மாத்திரையையும் நம்ப முடியாது. சர்க்கரை நோய் மாத்திரைகள் சிலவற்றின் அளவும் மாறும். எல்லாச் சீட்டும் ஒரே பையில் என்று சொன்னது இதற்குத்தான்.

தினமும் தவறாமல் போட வேண்டும் என்பதற்கும் நம் ஊரிலேயே ஆதாரம் இருக்கிறது. முன்பு நாடு முழுக்க வாரத்துக்கு மூன்று நாள் மட்டும் டி.பி. மருந்து கொடுத்தார்கள். சென்னை சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் எச்.ஐ.வி.யும் இருந்த 331 பேரிடம் ஒப்பிட்டுப் பார்த்தபோது, தினமும் எடுத்தவர்களில் 91 சதவீதம் பேருக்கு நல்ல பலன், வாரம் மூன்று நாள் எடுத்தவர்களில் 77 சதவீதம். இப்போது எல்லோருக்கும் தினசரி மாத்திரைதான்.

கல்லீரல் தாங்குமா என்று கேட்டீர்கள். பெரும்பாலானவர்களுக்குத் தாங்கும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. டி.பி.யின் நான்கு மருந்துகளில் ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு மூன்றும் கல்லீரலைப் பாதிக்கக்கூடியவை, நான்காவதான எத்தாம்புட்டால் அப்படியல்ல. ஹெபடைடிஸ் பி அல்லது சி இருந்தால் பாதிப்பு வரும் வாய்ப்பு கூடும். உங்கள் அண்ணனுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: எச்.ஐ.வி. மருந்தால் எதிர்ப்பு சக்தி எழும்போது பி வைரஸ் குடியிருக்கும் கல்லீரல் செல்களையும் அது தாக்கும். அப்போதும், கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. என்ற ரத்த அளவு ஏறும். காரணம் டி.பி. மாத்திரையா, பி வைரஸா, எச்.ஐ.வி. மாத்திரையா என்று பிரித்துப் பார்க்க, தொடக்கத்தில் எவ்வளவு இருந்தது என்பது தெரிய வேண்டும். இப்போதே எல்.எஃப்.டி. என்ற கல்லீரல் ரத்தப் பரிசோதனை எடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் எச்.ஐ.வி. மாத்திரை தொடங்கும் முன் எடுத்துவிடச் சொல்லுங்கள். முதல் இரண்டு மாதம் அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கும். எஸ்.ஜி.பி.டி. சாதாரண வரம்பைப் போல 5 மடங்கு ஏறினாலோ, வாந்தி, வயிற்று வலி, மஞ்சள் நிறம் போன்ற தொந்தரவுகளோடு 3 மடங்கு ஏறினாலோ, கல்லீரலைப் பாதிக்கும் டி.பி. மருந்துகளை மருத்துவர் நிறுத்திவைப்பார். தணிந்தபின் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்ப்பார்.

வீட்டில் கவனிக்க வேண்டியது எளிது. சிறுநீர் செம்மஞ்சளாகப் போவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது முதல் நாளிலிருந்தே இருக்கும். கண்ணின் வெள்ளை மஞ்சளானால், சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டினால், அது வேறு. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நம் ஊரில் கண் மஞ்சளாகிவிட்டால் முதலில் தேடுவது கீழாநெல்லியை. அரைத்து மோரில் கொடுத்துவிட்டு டி.பி. மாத்திரையையும் தொடர்ந்து கொடுத்துக்கொண்டே ஒரு வாரம் பார்க்கிறார்கள். அந்த ஒரு வாரத்தில் கல்லீரல் முழுதாகக் கைவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். கீழாநெல்லி மேல் எனக்குப் பகை இல்லை, போகும் அந்த ஒரு வாரத்தைத்தான் திரும்ப வாங்க முடியாது. மதுவும் ஆறு மாதம் அறவே கூடாது, இதில் 'கொஞ்சமாக' என்பது இல்லை.

ஹெபடைடிஸ் பி விஷயத்தில் ஒரு நல்ல செய்தி: எச்.ஐ.வி. கூட்டு மாத்திரையில் இருக்கும் டெனோஃபோவிரும் லாமிவுடினும் பி வைரஸையும் அடக்கும். தனி மாத்திரை வேண்டாம். இதில் ஒரு எச்சரிக்கையும் ஒளிந்திருக்கிறது. இந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் எச்.ஐ.வி. மட்டுமல்ல, பி வைரஸும் சீறி எழுந்து கல்லீரலைப் பாதிக்கும். பின்னாளில் எந்தக் காரணத்துக்காக மருந்து மாற்றினாலும் 'எனக்கு பி வைரஸ் இருக்கிறது' என்று அண்ணன் சொல்லிக்கொள்ள வேண்டும். இதுவே ஹெபடைடிஸ் சி-யாக இருந்திருந்தால் கதை வேறு. அதை 12 வாரத்தில் குணமாக்கும் சோஃபோஸ்புவிர், டாக்லடாஸ்விர் மாத்திரைகள் அரசிலேயே இலவசம். ஆனால் அவற்றையும் ரிஃபாம்பிசின் கரைத்துவிடும் என்பதால் டி.பி. முடிந்தபின்தான் தொடங்குவோம்.

வீட்டில் இருப்பவர்களுக்கு வருகிறேன். மூன்று தொற்றில் காற்றில் பரவுவது டி.பி. மட்டும்தான். சன்னலைத் திறந்து வையுங்கள், முதல் சில வாரம் அண்ணன் மாஸ்க் போடட்டும், குழந்தைகளைப் பக்கத்தில் படுக்க வைக்க வேண்டாம். மருந்து சரியாக வேலை செய்தால் பரவும் தன்மை வாரங்களிலேயே வெகுவாகக் குறைந்துவிடும். 4 வயதுப் பிள்ளையை இந்த வாரமே காட்டுங்கள். நோய் இல்லை என்று உறுதியானால் தடுப்பு மருந்து தருவார்கள், ஐந்து வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு மூளைக்காய்ச்சல் டி.பி. வரும் ஆபத்து அதிகம். 9 வயதுப் பிள்ளை, அண்ணி, நீங்கள் எல்லோருமே பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

பி வைரஸ் ரத்தம், உடலுறவு, பிரசவம் வழியாகப் பரவும். சவரக் கத்தி, பல் துலக்கும் பிரஷ் தனியாக இருக்கட்டும். தட்டு, டம்ளரைப் பிரிக்கத் தேவையே இல்லை. தமிழ்நாட்டில் 2011 டிசம்பரிலிருந்து போடும் ஐந்து நோய்த் தடுப்பூசியில் பி வைரஸுக்கும் மருந்து இருக்கிறது. பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையைப் பாருங்கள். அண்ணிக்குப் பரிசோதனை செய்து, தொற்று இல்லையென்றால் மூன்று தடுப்பூசி போட வேண்டும்.

எச்.ஐ.வி. பற்றி அண்ணி அண்ணனிடமிருந்துதான் கேட்க வேண்டும், உங்களிடமிருந்தோ பக்கத்து வீட்டிலிருந்தோ அல்ல. அவர் சம்மதமில்லாமல் இதைப் பிறரிடம் சொல்வதை 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் தடை செய்கிறது. எப்படிச் சொல்வது என்று திணறினால் அரசின் எச்.ஐ.வி. பரிசோதனை, ஆலோசனை இடமான நம்பிக்கை மையத்தின் ஆற்றுநர் இருவரையும் உட்கார வைத்துப் பேசுவார், 1097 என்ற எண்ணிலும் கேட்கலாம். அண்ணிக்குத் தொற்று இருந்தால் பிள்ளைகளுக்கும் பரிசோதனை வேண்டும். இல்லையென்றால், அண்ணன் மாத்திரையைச் சரியாகப் போடுவதே அவரையும் காக்கும். சென்னையும் புனேயும் பங்கெடுத்த பன்னாட்டு ஆய்வில், சீக்கிரம் மருந்து தொடங்கியவர்களிடமிருந்து துணைக்குப் பரவுவது 96 சதவீதம் குறைந்ததாக 2011-ல் தெரிந்தது. வைரஸ் எண்ணிக்கை அளவிட முடியாத அளவுக்கு இறங்கி அப்படியே நிலைத்துவிட்டால் உடலுறவு வழியே பரவாது. அதுவரை ஆணுறை வேண்டும்.

முட்டை, பயறு, வேர்க்கடலை, முடிந்தால் மீன் கொடுங்கள். அரசு மாதம் 1,000 ரூபாய் தருகிறது, வங்கிக் கணக்கு இணைந்திருக்கிறதா என்று கேளுங்கள். ஜார்க்கண்டில் நடந்த ஆய்வில் முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் கூடியவர்களிடம் இறப்பு வெகுவாகக் குறைந்திருந்தது. அவர் எடையை ஒவ்வொரு வாரமும் ஒரே தராசில் பார்த்து எழுதி வையுங்கள், மருத்துவரிடம் அந்தத் தாளைக் காட்டுங்கள்.

ஆறு மாதம் முடிந்து டி.பி. மாத்திரை நின்ற அன்றே இரண்டாவது டோலுடெக்ராவிரை நிறுத்திவிடாதீர்கள். ரிஃபாம்பிசின் முடுக்கிவிட்ட நொதிகள் அடங்க நாளாகும், இன்னும் 2 வாரம் அது தொடர வேண்டும். அதன்பின் அது நிற்கும். கூட்டு மாத்திரை நிற்காது.